எழுத்து விழாத பணம்

1113 கன்னி 4: நாலு சக்கரம்.
1113 கன்னி 19: ஐந்து ரூபாய்.
1113 துலாம் 8: ஐம்பது ரூபாய்.

மூன்றும் ஒரே காசுக்குச் சொல்லப்பட்ட விலைகள். ஆண்டு கொல்லம் ஆண்டு, மாதம் மலையாள மாதம். ஆங்கிலக் கணக்கில் 1937. சக்கரம் எங்கள் சமஸ்தானத்துச் சில்லறைக் காசு; ஏறக்குறைய இருபத்தெட்டு சேர்ந்தால் ஒரு ரூபாய்.

காசின் சொந்தக்காரர் பூதலிங்கம். கோட்டாற்றிலிருந்து பிழைக்க வந்தவர். ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகுக் கடையில், வருகிற வெள்ளியைக் கல்லில் சுண்டி நல்லது கள்ளது பிரிப்பது அவர் வேலை. அவர் நல்லது என்றால் கடைத்தெருவில் மறுபேச்சு இல்லை. நான் அடுத்த கடையில் கணக்கெழுதினேன்.

அவர் கையில் வந்தது ஒரு வெள்ளிப் பணம், நாலு சக்கரம் பெறுமானமுள்ள காசு. ஒரு பக்கம் சங்கும் மறுபக்கம் எழுத்தும் இருக்க வேண்டும். இதில் எழுத்தே இல்லை. அந்த இடத்தில் இன்னொரு சங்கு, குழிவாக, கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நின்றது. முதலாளிக்கு நாலு சக்கரம் கொடுத்துத் தாமே எடுத்துக்கொண்டார். வெள்ளிக் கடைக்காரர் ஒருவர் வேடிக்கைக்கு ஐந்து ரூபாய் தருவதாகச் சொன்னார். பிறகு கோட்டைக்குள்ளிருந்து வக்கீல் சாம்பசிவ ஐயர் வந்தார். பழைய காசு சேர்ப்பவர்.

"ஓய் பூதலிங்கம், கம்மட்டத்துல நேர்ந்த பிழைன்னு நீர் ஒரு வார்த்தை சொல்லும். ஐம்பது ரூபாய் இப்பவே வைக்கறேன். தட்டான் வேலைன்னா நாலு சக்கரம்கூட இல்லை."

"ரெண்டு நாள் பொறுக்கணும் சாமி."

"கள்ளக்காசைக் காதாலயே பிடிக்கிற ஆளாச்சே! இதுக்கென்ன யோசனை?"

யோசனை இதுதான். காசடிக்கும் கம்மட்டத்தில் முன்னால் அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த காசில் இப்படிக் குழி விழும். ஆனால் எழுத்தை அரத்தால் தேய்த்துவிட்டு, மேலே இன்னொரு பணத்தை வைத்துச் சுத்தியலால் அடித்தாலும் இதே குழிதான் விழும். எடை சற்றுக் குறைந்தது. தேய்ந்த காசும் அப்படித்தான் குறையும். ஓசை சுத்தம், வெள்ளி நல்லதென்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. வாய் தவறினால் நாளை அவர் சொல்லை யார் கேட்பார்கள்? என்னிடம் மட்டும் காலையில் பிழை என்பார், மாலையில் தட்டான் என்பார்.

அவர் மனைவி முத்தாரம்மாளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

"சங்கு திரும்பி நிக்குது, பாத்தியளா? வலம்புரி! லட்சுமி தானா வந்திருக்கா. அதைப் போயி பிழைங்கியளே!"

"அது அச்சு செய்த கோளாறுட்டீ."

"அப்பம் எல்லாப் பணத்திலயும் செய்யாண்டாமா?"

அவர் அதை என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

சென்னையில் நாணய ஆராய்ச்சி செய்யும் ஒருவருக்கு நான் எழுதினேன். பதில் வந்தது: "குழிச் சங்கைப் பார்த்துப் பயனில்லை. பின்புறம் மேடாக உள்ள சங்கைப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் கம்மட்டத்துப் பிழை. நசுங்கியிருந்தால் சுத்தியல் வேலை."

பூதலிங்கம் காசை எடுக்க வீட்டுக்கு ஓடினார். அது முத்தாரம்மாளின் கழுத்தில் கிடந்தது. வலம்புரியை வெறும் டப்பாவில் வைக்கக்கூடாதென்று முந்தின நாள்தான் தட்டானிடம் கொடுத்து வளையம் வைத்திருந்தாள். மேட்டுச் சங்கு நசுங்கியிருந்தது.

தட்டானிடம் போனோம்.

"வளையம் நேரா நிக்காண்டாமா அண்ணாச்சி? அந்தப் பக்கம் ரெண்டு தட்டுத் தட்டினேன். பூப்போல."

"அதுக்கு முன்னயே நசுங்கித்தான் இருந்துதா?"

"ஆரு கண்டா? அக்கா குழிச்சங்கைத்தானே காட்டினா."

வாரக்கணக்கில் நாங்கள் எல்லோரும் பார்த்தது அந்தக் குழியைத்தான். மறுபக்கம் ஒருவர் நினைவிலும் இல்லை.

ஐயர் விடவில்லை. "வளையம் கிடக்கட்டும் ஓய், கழற்றிடலாம். எனக்கு உம்ம வார்த்தை போதும்."

"வார்த்தைதான் சாமி இல்லை. காசையே சென்னைக்கு அனுப்பிப் பாக்கேன்."

முத்தாரம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றித் தந்தாள். பதிவுத் தபாலில் அனுப்பினோம். திரும்பி வந்த காசோடு நாலே வரி: பழைய அடியும் புதிய அடியும் கலந்துவிட்டன; இனி இதைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது.

பூதலிங்கம் அதை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு நேரே ஐயர் வீட்டுக்குப் போய், "நல்லதா கள்ளதான்னு எனக்குத் தெரியல சாமி" என்றார். காசு பார்க்க உட்கார்ந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஐயர் வாங்கவில்லை. முத்தாரம்மாள் காசைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். அடுத்த பத்து வருஷமும் பூதலிங்கம் அதே கல்லின் முன்தான் உட்கார்ந்திருந்தார்.

சென்னையிலிருந்து அந்த நாலு வரி வந்தது 1113 தனு 17. அந்தத் தேதிக்கு விலை இல்லை.