பதினான்காம் எண் எலி

வினிஃப்ரெட்டுக்கு எலி என்றாலே ஆகாது. மலேசியாவின் மாசாய் நகரில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஓர் எலி குறுக்கே ஓடினால் போதும், நாற்காலி மேல் ஏறி நின்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துவாள். அப்படிப்பட்டவள் இருபத்து நான்கு எலிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போனது அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வாரத்துச் சிரிப்பு.

பாசிர் கூடாங்கில் பத்தொன்பது வருடம் ஷிப்ட் பார்த்த தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது, ஐம்பது வயதில் அவளுக்குக் கிடைத்தது இதுதான். ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வுக்கூடம். காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்து, கூண்டு கழுவி, தண்ணீர் மாற்றி, ஒவ்வோர் எலியையும் நிறுத்து எடையை எழுத வேண்டும். அந்த எலிகளின் நெஞ்சைத் திறந்து, இதயத்துக்குப் போகும் ஓர் இரத்தக் குழாயை நூலால் கட்டி, வேண்டுமென்றே மாரடைப்பை வரவழைத்திருந்தார்கள். பிறகு பாதி எலிகளுக்குப் புது மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். எதற்கு எது என்பது ஆய்வை நடத்தும் டாக்டர் ஷர்மினிக்கே கடைசிவரை தெரியக்கூடாது. எட்டாவது வாரம் எல்லாவற்றையும் மயக்கத்திலேயே கொன்று இதயத்தை எடுத்துப் பார்ப்பார்கள்.

இதைக் கேட்ட முதல் நாளே வேலை வேண்டாம் என்று ஆகிவிட்டது அவளுக்கு. மறுநாள் அவளைத் திரும்ப வரவைத்தது கணவர் கில்பர்ட்டின் இதயம். மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பில் பிழைத்தவர். இப்போது மாடிப்படி ஏறினால் நடுவில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குவார். இந்த எலிகள் படும் பாடு அவரைப் போன்றவர்களுக்கு உதவும் என்று ஷர்மினி சொன்னதை வினிஃப்ரெட் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாவு வீண்போகாது என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மதியம் சாப்பிடாமல், அந்தச் சாப்பாட்டைப் பசித்த ஒருவருக்குக் கொடுப்பது சின்ன வயதிலிருந்தே அவள் வழக்கம். தொழிற்சாலையில் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. இங்கே யார் இருக்கிறார்கள்? பதினான்காம் எண் எலி இருந்தது. நாலு நாளாகத் தீனியைத் தொடாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. வினிஃப்ரெட் இரண்டு பிஸ்கட்டைத் தேநீரில் ஊறவைத்து நீட்டினாள். அது முன்னங்கால்களால் பிடித்துக் கடைசித் துணுக்கு வரை தின்றது. வெளிச் சாப்பாடு உள்ளே வரவே கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. அவளுக்கு ஒன்றும் படிக்கத் தெரியாமல் இல்லை. முதலில் வெள்ளிக்கிழமை மட்டும், பிறகு தினமும் என்று ஆனது.

ஆறாவது வாரம் ஷர்மினி எடைப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தார்.

"ஆன்ட்டி, பதினாலப் பாத்தீங்களா? செத்துடும்னு நெனச்சேன். எடை ஏறுது, நல்லா ஓடியாடுது. மருந்து குடிச்ச கூட்டத்துல ஒண்ணா மட்டும் இருந்துச்சுன்னா, சூப்பர் லா!"

வினிஃப்ரெட் சிரித்து வைத்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு. பிஸ்கட் செய்த வேலை மருந்தின் பெயரில் எழுதப்படப் போகிறது. சொன்னால் வேலை போகும். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

சாப்பிடும்போது கில்பர்ட்டிடம் சொன்னாள்.

"அட அலமாக், பாவம் பாத்து ரெண்டு பிஸ்கட் குடுத்தது ஒரு குத்தமா? பேசாம இரு, வினி."

"நாளைக்கி அந்த மருந்த உங்களுக்கு எழுதிக் குடுத்தா குடிப்பீங்களா?"

கில்பர்ட் தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தார்.

மறுநாள் காலை அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஷர்மினி முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வேற எதுக்காவது குடுத்தீங்களா, ஆன்ட்டி?"

"சத்தியமா பதினாலுக்கு மட்டுந்தான். என்னைய வேலைய விட்டு அனுப்பிடுங்க, டாக்டர்."

"ரிப்போர்ட் எழுதணும். ஆனா உங்கள அனுப்ப மாட்டேன். நீங்களா வந்து சொன்னீங்களே." ஷர்மினி பெருமூச்சு விட்டார். "பதினால ஆய்விலிருந்து எடுத்துடணும். இன்னிக்கே ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம்."

வினிஃப்ரெட் பதினான்கின் கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். "நான் வீட்டுக்குக் கொண்டு போயிடுறேனே?"

"இங்கேருந்து எதையும் உயிரோட வெளிய கொண்டு போக முடியாது, ஆன்ட்டி."

அவளே பதினான்கைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். ஊசி போட்டு அது அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வீண்போகாத சாவு என்று இதை எப்படிச் சொல்வது? அழுகை வந்தது, அடக்கவில்லை.

ஷர்மினி கையுறையைக் கழற்றினார். "எண்ணிக்கை ஒண்ணு கொறையுது. பின்னறையிலேர்ந்து புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாங்க. நாளைக்கி ஆபரேஷன்."

பின்னறைக் கூண்டுகளில் நெஞ்சு கிழிபடாத எலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. எதை எடுப்பது என்று ஷர்மினி சொல்லவில்லை. ஒன்றை எடுத்தாள், திரும்ப விட்டாள். இன்னொன்றை எடுத்தாள், அதையும் விட்டாள். பத்து நிமிடம் கழித்து ஷர்மினி வந்து எட்டிப் பார்த்தபோது, வினிஃப்ரெட் ஓர் எலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.