சட்டைக்குள் ஒளித்த சவுரி

சின்னவள் இஸ்திரிக் கடையில் கரிப்பெட்டியால் ஊரார் துணியைத் தேய்த்துக் கொடுப்பவள். காசநோய் அக்காளைத் தின்று தீர்த்த மறு வருஷம், அக்காள் புருஷனுக்கே கழுத்தை நீட்டினாள். அக்காளுக்கு இடுப்பைத் தாண்டித் தொங்கும் பின்னல். இவளுக்கோ எலிவால். படுக்கையில் கிடந்தவளுக்குத் தலை வாரும்போது சீப்போடு வந்த முடியையெல்லாம் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தாள். எதற்கு வைத்தாய் என்றால் அவளுக்கே தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் அதைச் சவுரியாகக் கட்டித் தன் முடியோடு சேர்த்துப் பின்னிக்கொண்டாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து, படுத்தாலும் கழற்றுவதில்லை.

இப்போது இவளுக்கும் இருமல். மாசக்கணக்காக விடவில்லை. அக்காள் கூப்பிடுகிறாள் என்றே நினைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பெண் ஒரு தொளதொளச் சட்டையை நீட்டினாள்.

"சங்கிலி, ஊக்கு, கொக்கி வச்ச உள்பாடி எல்லாம் கழட்டிடுங்க. எது இருந்தாலும் படத்துல விழும். முடியை உச்சியில தூக்கிக் கட்டிக்கங்க."

தூக்கிக் கட்டினால் சவுரி கையோடு வந்துவிடும். வெளியே புருஷன் உட்கார்ந்திருக்கிறார். சின்னவள் பின்னலை இடது தோள்வழியாக முன்னால் இழுத்து, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "இடது பக்கம், மேல ஒரு நிழல் இருக்கே."

சின்னவள் இடது தோளுக்குக் கீழே கையை வைத்தாள். "எங்கக்காளுக்கும் அங்கதான் இருந்துச்சு ஐயா."

டாக்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கயிறு திரிச்ச மாதிரியில்ல இருக்கு? உள்ள என்னம்மா போட்டிருந்தீங்க? போய் மறுபடி எடுத்துட்டு வாங்க."

படமெடுக்கும் பெண் சட்டையின் கழுத்தை விலக்கியதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கே! நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சு வச்சிருக்கீங்க? கழட்டுங்க அதை."

"வேணாம்மா."

"உங்க முடியை நானென்ன விக்கவா போறேன்?"

"என் முடி இல்ல. செத்துப்போன எங்கக்காளோடது."

அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"கீழ மட்டும் வச்சிடாதீங்க," என்றாள் சின்னவள்.

சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பிடரியில் காற்றுப் பட்டது. ஒட்டி நின்ற யாரோ ஓரடி விலகியதுபோல் இருந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க!"

இந்தப் படத்தில் நிழல் இல்லை. "நுரையீரல் சுத்தமா இருக்கு. கடையில கரிப்புகைக்குத் தள்ளி நில்லுங்க, போதும்," என்றார் டாக்டர்.

சவுரியைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். "எனக்கு ஒண்ணுமில்லையாம் அத்தான்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகைப் பார்த்தார்.

"அவ முடி எங்க?"

தெரியாது என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தாள்! பையைத் திறந்தாள்.

"கட்டிக்கோ," என்றார்.

"மாட்டேன். என் நெஞ்சுல அவ இல்லன்னு படமே சொல்லிடுச்சு. வேணும்னா நீங்க வச்சுக்கோங்க."

அவர் கூசாமல் வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டு. அவள் ஜன்னலோரம், அவர் அந்த ஓரம், நடுவிடம் காலி. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவர், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றார்.

மடியிலிருந்த சவுரியைத் தடவிக்கொண்டே, "இங்க ஆள் இருக்கு," என்றார் அவள் புருஷன்.