அமா நியார்கோ கை வைத்த தொழில்கள்

குமாசி மாநகரத்தில் எந்தத் தொழிலில் ஆள் கூடுகிறது, எதில் குறைகிறது என்று விசாரித்துக்கொண்டு ஒரு அரசாங்கப் பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். நான் வள்ளிக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தேன். வெயிலில் வாடிப்போயிருந்த அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"எதுக்கும்மா வீடு வீடா அலையுற? அந்த நீலக் கதவு வீட்டுல அமா நியார்கோன்னு ஒரு அக்கா இருக்கா. அடுத்து என்ன தொழில் பண்ணப்போறன்னு அவகிட்ட கேளு. எது படுக்கப்போகுதுன்னு தெரிஞ்சிடும்."

அந்தப் பெண் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது.

ஒரு காலத்தில் சாலையோரம் மேசை போட்டு, குடை விரித்து, காசு வாங்கிக்கொண்டு ஃபோன் பேச விட்டவர்கள் எல்லாம் வீடு கட்டினார்கள். அமா அவசரப்படுகிறவள் இல்லை. நிதானமாகப் பார்த்தாள், விசாரித்தாள், இன்னும் கொஞ்சம் பார்த்தாள். அவள் மேசையும் குடையும் வாங்கிய மழைக்காலத்தில் ஆடு மேய்க்கிறவன் பையில்கூட ஃபோன் வந்துவிட்டது. பிறகு சினிமா சிடி வாடகைக் கடை வைத்தாள். ஜனங்கள் ஃபோனிலேயே படம் பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் இன்டர்நெட் கடை. அதுவும் ஃபோனுக்குள் போய்விட்டது. எல்லாவற்றையும் தின்றது அந்தப் பாழாய்ப்போன ஃபோன், கெட்ட பெயர் மட்டும் அமாவுக்கு. அவள் செய்த ஒரே தப்பு எதிலும் கடைசியாகப் போய் இறங்கியதுதான். ஆனால் நியாயம் பேசினால் யார் கேட்கிறார்கள்? நானே கேட்கவில்லை. ஒருநாள் அமா என் அடுப்பருகே வந்து நின்றாள்.

"உன் கிழங்கு நல்லா ஓடுதேடி! எண்ணெய் எங்க வாங்குற?" என்று கேட்டாள்.

"அக்கா, உன் கால்ல வேணா விழறேன். இந்தப் பக்கம் மட்டும் வந்துடாத!"

தையற்காரிகள் சங்கம் இன்னும் மோசம். கொழுத்த கோழி ஒன்றைக் கையில் கொடுத்து, தையல் மெஷின் வாங்க வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அமா சிரித்தபடியே வாங்கி சூப் வைத்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. "ஒரு தொழில்லயாவது 'வாம்மா, உட்காரு'ன்னு ஒருத்தர் சொல்ல மாட்டாங்களாடி?" என்று கேட்டாள். வாயில் கோழியோடு நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

கடைசியில் அவள் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வாங்கினாள், இழவு வீடுகளுக்கு வாடகைக்கு விட. சனிக்கிழமை என்றால் பாதி ஊர் இழவுக்கென்று கறுப்பும் சிவப்பும் உடுத்தி எங்காவது ஒரு பந்தலுக்கடியில்தான் உட்கார்ந்திருக்கும்.

"இது எப்பவும் நிக்காதுடி. ஜனங்க சாகறதை நிறுத்தவா போறாங்க?" என்றாள்.

தெரு வேறு மாதிரி கணக்குப் போட்டது. அமா கை வைத்துவிட்டாள், இனி சாவுக்கும் அதோகதிதான்! கிழவிகள் வரிசையாக வந்து நாற்காலிகளைத் தொட்டு ஆசீர்வதித்தார்கள். சர்ச்சில் அவள் தொழிலுக்காக ஒரு பாட்டு அதிகமாகப் பாடினார்கள்.

அப்போது தெருமுனைப் பெரியவர் ஒபிரி சாகக் கிடந்தார். இழவுக்கு வருகிறவர்கள் முன்னால் மானம் போகக்கூடாதே என்று வீட்டார் எல்லாம் தயார் செய்துவிட்டார்கள். அவர் ஆயுள் முழுக்க ஒழுகிய கூரையை மாற்றினார்கள், வெளிச்சுவருக்கு மஞ்சள் அடித்தார்கள், குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே மாதிரித் துணி எடுத்தார்கள். மருமகள் அவரிடம் அமாவின் புதுத் தொழிலைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாரு, அமாவா? நிஜமாவா? அப்போ கிழங்கை இடிச்சு எனக்கு ஃபுஃபு பண்ணு. சூப்புல ஆட்டுக்கறி போடு!"

அடுத்த வாரம் அவர் தெருவில் நின்று தன் மஞ்சள் சுவரை ரசித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, துணிகூடத் தைக்கக் கொடுத்தாச்சு," என்றான் மகன் யாவ், அழாத குறையாக.

"தைச்சு வந்தா போட்டுக்கிட்டு வேலைக்குப் போடா."

அமாவின் நாற்காலிகளை மட்டும் யாரும் கேட்டு வரவில்லை. தெருவில் சாவு குறைந்ததா, சாவு விழுந்த வீட்டார் அவளைக் கூப்பிடப் பயந்தார்களா, எனக்குத் தெரியாது. அடுக்கிவைத்த நாற்காலிகளில் பல்லி குடியேறியது. அவள் ஒருவேளைதான் சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வறுத்த கிழங்கை மிஞ்சிப்போனதாகச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

ஒரு காலையில் லாரி வந்தது. எல்லாவற்றையும் லாரிக்காரனுக்கே விற்றுவிட்டாள். பாதி ஏற்றியிருப்பார்கள், ஒபிரி தடியை ஊன்றிக்கொண்டு, மேல்மூச்சு வாங்க, படுக்கைத் துணியைப் போர்த்தியபடியே வந்து சேர்ந்தார். மிச்சமிருந்த நாற்காலி ஒன்றில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க தாத்தா, ஏத்தணும்," என்றாள் அமா.

"மாட்டேன். விக்கறதுன்னா என்னையும் சேர்த்து வித்துடு."

"சோத்துக்கு என்ன பண்ணுவேன் தாத்தா?"

"கல்யாணத்துக்குக் கொடேன்."

"ஐயோ, கல்யாணத்துக்கு வேணாம்!" என்று கூட்டத்தில் ஒரு குமரிப் பெண் அலறினாள். தெருவே சிரித்தது.

"சரி, சர்ச்சுக்குக் கொடு. பள்ளிக்கூடத்துக்குக் கொடு. நானே வீடு வீடா போய்ச் சொல்றேன். ஆனா இந்தத் தொழிலை விட்டுப் போகாத, தாயே. நீ இருக்கணும்."

அமா சிரிக்கவில்லை. லாரிக்காரனிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலிகளைத் தானே ஒவ்வொன்றாக இறக்கினாள். இறக்கி முடித்து, வியர்வையோடு என் அடுப்பருகே வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டியாடி? போகாதன்னு சொன்னாரு."

"உயிர்ப் பயத்துல சொல்றாரு, அக்கா."

"இருக்கட்டுமே," என்றாள். முகமெல்லாம் ஈரமாக இருந்தது. "சொன்னாருல்ல?"