முன்பதிவு செய்த நூல் வந்துவிட்டது

கிளை நூலகத்தில் உதவியாளருக்கு இரண்டு வேலைகள் உண்டு: கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது, யார் எதைக் கேட்டார் என்பதை மறந்துவிடுவது. முதல் வேலையில் தவறினால் வாசகர் திட்டுவார். இரண்டாவதில் தவறினால் என்ன ஆகும் என்பது எனக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. மீதிப் படிப்பு முழுவதும் துண்டறிக்கை. பஞ்சாலை வாசலில் வாங்கிப் படித்தேன், பிறகு நானே எழுதினேன், எழுதியதற்காக ஆலையிலிருந்து வெளியேற்றப்பட்டேன். ராசிபுரம் நாமக்கல் பஸ் நிற்கும் ஓர் ஊரின் கிளை நூலகத்தில் இப்போது தினக்கூலி உதவியாளர். நூலகர் ஒருவரே இரண்டு கிளைகளைப் பார்க்கிறார். அவர் வராத நாளில் நூலகம் என்றால் நான்தான். ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தப் பதிலைச் சொல்கிறவளும் நிம்மதியாக இல்லை என்பதற்காக இவற்றை எழுதுகிறேன்.

மூன்று கோரிக்கைகள்

முன்பு எங்கள் நூல் பட்டியல் ஒரு தனியார் மென்பொருளில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் திரை பூட்டிக்கொண்டது. புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. எது எங்கே என்ற விவரம் மட்டும் கம்பெனியோடு போய்விட்டது. வாசகர்கள் வாரக்கணக்கில் அலமாரி அலமாரியாகக் குனிந்து தேடினார்கள். நான் துண்டறிக்கை எழுதினேன். ‘மக்கள் பணத்தில் வாங்கிய நூல்களின் பட்டியல் மக்களுடையது. யாரும் பூட்ட முடியாத திறந்த மூல மென்பொருளைக் கொண்டு வா. ஒரு கிளையின் நூலை இன்னொரு கிளையின் வாசகருக்குக் கொடு. நூல் வந்த தகவலைக் கைபேசிக்கு அனுப்பு.’ அடியில் என் பெயர். சேலம் அஸ்தம்பட்டியில் நூலகத் துறை அலுவலக வாசலில் வெயிலில் நின்று, வண்டிகளை மறித்துக் கொடுத்தேன்.

என் துண்டறிக்கையால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். அதனால் வரவில்லை என்று யாராவது சொன்னால் விடவும் மாட்டேன். கேட்ட மூன்றும் வந்தன. அன்று அலுவலக மேலாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “கேட்டது மூணும் குடுத்தாச்சும்மா. இனிமே ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க பேரச் சொல்லாதீங்க, உங்க பேரச் சொல்லுங்க.”

இரண்டு ‘மௌ’

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மகள் வீட்டில் இருக்கிறார். தினமும் பத்து மணிக்கு வந்துவிடுவார். ஒருநாள் மௌன விரதம் பற்றிய புத்தகம் வேண்டும் என்று தானே கம்ப்யூட்டரில் தட்டினார். இல்லை என்றது. நான் தட்டினேன். இருக்கிறது என்றது. அவர் தட்டினால் இல்லை, நான் தட்டினால் இருக்கிறது. வெகுநேரம் கழித்துத்தான் பிடிபட்டது. ‘மௌ’ என்ற எழுத்தை நான் ‘மெ’ அடித்துப் பக்கத்தில் ஒரு ‘ள’ அடித்து ஏற்றியிருக்கிறேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. கௌதமர், பௌத்தம், சௌராஷ்டிரம் எல்லாம் இதே கதி. என்னைப் போலவே தப்பாக அடிக்கிறவருக்கு மட்டும் கிடைக்கும் புத்தகங்கள்.

இதைத் திருத்திவிடலாம், திருத்தினேன். பூட்டிய மென்பொருளில் அதுவும் முடியாது. ஆனால் அன்றைக்கு அந்தப் புத்தகம் மேஜைமேலேயே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “கையில இருக்குது, கம்ப்யூட்டர்ல இல்லைங்கறீங்க. ரேசன் கடையில அப்படியே திருப்பிங்க. கம்ப்யூட்டர்ல இருக்கும், கையிலதான் இருக்காது.”

நற்செய்தி

பழைய உறுப்பினர் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் நான்தான். பெண்களின் படிவத்தில் பெயர் பெண்ணுடையது, கையெழுத்து பெண்ணுடையது. தொலைபேசி எண் என்ற இடத்தில் மட்டும் கணவன், அப்பா, அண்ணன். இப்போதும் இந்தப் பக்கம் பல பெண்களிடம் நம்பர் கேட்டால் வீட்டு ஆணின் நம்பர்தான் மனப்பாடமாக வரும். படிவத்தில் இருந்ததை இருந்தபடி ஏற்றினேன். ஓர் எண்கூடப் பிசகவில்லை என்று எனக்குப் பெருமை.

ஒருநாள் ராசிபுரத்துப் பட்டு நெசவாளி ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் மனைவி பிரசவகாலப் பராமரிப்பு பற்றி ஒரு புத்தகம் எடுத்துப் போயிருந்தார். திருப்பித் தர வேண்டிய நாள் என்று புத்தகத்தின் பெயரோடு மெசேஜ் இவருடைய போனுக்குப் போயிருக்கிறது. அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் நான் கவனித்திருக்க வேண்டிய ஒன்று இருந்தது. “ஏனுங்க, எம் பொண்டாட்டி முழுகாம இருக்கறத எனக்கு லைப்ரரியாங்க சொல்லோணும்?”

வெள்ளிக்கிழமைக்குள்

சுமதி என்று வைத்துக்கொள்வோம். கணவன் விட்டுவிட்டுப் போனபின், ஆறு வயது மகளோடு அண்ணன் வீட்டில் இருப்பவள். அண்ணன் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். நிலம் நான்கு ஏக்கர். மகளுக்குக் கதைப் புத்தகம் எடுக்க வருவது போல வந்து, சிறுவர் அலமாரியின் பக்கம் நின்றபடி மெல்லப் பேசினாள். பண்ணைக்கு பேங்க் லோன் வாங்க ஒரு கையெழுத்து வேண்டும் என்று அண்ணன் சொல்கிறாராம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, நல்ல நாள். பத்திரத்தின் முதல் தாளைப் பார்த்திருக்கிறாள். ‘விடுதலைப் பத்திரம்’ என்று இருந்தது.

“யாருக்கு விடுதலைன்னு தெரியலீங்க்கா” என்றாள். எனக்குத் தெரியும். தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுப்பதற்கு அந்தப் பெயர். சொன்னேன். என் வாய்ச்சொல் அவளுக்குப் போதவில்லை, அதில் தப்பும் இல்லை. அச்சில் பார்த்தால்தான் நம்ப முடியும் என்று நினைக்கிறவள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். தேடினேன். ‘பெண்களும் பூர்வீகச் சொத்தும்’ என்றொரு கையேடு எங்களிடம் இல்லை, நாமக்கல்லில் இருந்தது. முன்பதிவு செய்தேன். என் கோரிக்கை, என் மென்பொருள், ஒரு சொடுக்கில் புத்தகம் கிளம்புகிறது. “வந்ததும் மெசேஜ் வரும் சாமி” என்றேன். எந்த போனுக்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. போகும்போது திரும்பிச் சொன்னாள்: “வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துட்டாப் போதுங்க்கா. படிச்சுட்டு, மாட்டேன்னு சொல்ல எனக்கு ரெண்டு நாள் வேணும்.”

செவ்வாய்க்கிழமை

புத்தகம் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. பையிலிருந்து எடுத்து, பார்கோடைக் கருவியில் காட்டினேன். தனியாக எடுத்து வைக்கும் முன்பே மெசேஜ் போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் வாசலில் பைக் நின்றது. சுமதியின் அண்ணன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், மரியாதையான மனிதர். “எங்க ஊட்டுக்கு ஏதோ புஸ்தகம் வந்திருக்குதுங்களாமா. நானே வாங்கிட்டுப் போறனுங்க” என்று போனை என் முன்னால் நீட்டினார். ‘அன்புள்ள வாசகரே, நீங்கள் முன்பதிவு செய்த நூல் வந்துவிட்டது’ என்று எழுதி, அதன் கீழே நூலின் பெயர்.

கார்டு யாருடையதோ அவர்தான் வர வேண்டும் என்றேன். ஆலை நிர்வாகத்திடமே பணியாதவள், இவரிடமா பணிவேன். அவர் கோபப்படவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: “செரிங்க. கார்டு அவளுதுங்க, போனு என்னுதுங்க.”

டிக்

அவளை எச்சரிக்க என்னிடம் இருந்த ஒரே எண் அவள் அண்ணனின் எண். வீட்டுக்கே போயிருக்கலாம். பண்ணை வீட்டு வாசலில் நான் போய் நின்றால் அவளுக்கு இன்னும் கேடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அலுவலகத்தில் போய்ச் சண்டை போடுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் சேலம் போனேன். பெண்களின் விவரம் ஆண்களின் போனுக்குப் போகிறது, உடனே நிறுத்துங்கள் என்றேன். எழுதிக் கொண்டுபோன மனுவையும் கொடுத்தேன்.

கம்ப்யூட்டர் பிரிவு அலுவலர் மனுவைப் படிக்கவில்லை. உறுப்பினர் பக்கம் ஒன்றைத் திறந்து, கீழே ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினார். அதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டால் அந்த நபருக்கு மெசேஜ் போகாது. அலுவலகம் வரை வர வேண்டியதே இல்லை. என் மேஜையிலிருந்தே எடுத்திருக்கலாம். இதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். பயிற்சி நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தானாம். எங்கள் நூலகரும் போய் வந்தார். கட்டத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை. நான் எந்தக் கட்டத்தையும் தொடவில்லை, தொட்டால் கெட்டுவிடும் என்ற பயம். அலுவலர் சொன்னார்: “ஓப்பன் சோர்ஸ்தானேம்மா. எப்படி நடத்தறதுன்னு எல்லாமே நெட்ல ஓப்பனா கெடக்குது, இங்கிலீஷ்ல. கேட்டு வாங்கின நீங்க படிச்சுப் பார்த்திருக்கலாமே.”

கதைப் புத்தகம்

அன்று மாலையே திரும்பி வந்து சுமதியின் டிக்கை எடுத்தேன். அண்ணனின் எண்ணை அழித்தேன். பிறகு மற்றப் பெண்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து எடுக்க ஆரம்பித்தேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அந்த வேலையில் இருந்தபோது சுமதி வந்தாள், மகளோடு. புத்தகத்தை எடுத்து நீட்டினேன். “நாளைக்குத்தானே வெள்ளிக்கிழமை. இங்கேயே உட்கார்ந்து படி சாமி, நான் கதவைச் சாத்திக்கறேன்” என்றேன்.

வாங்கிக்கொள்ள அவள் இடது கையை நீட்டினாள். கட்டைவிரலில் மை. நேற்றே பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். நல்ல நாள் முன்னாலேயே வந்துவிட்டது. நான் சேலத்தில் மனு கொடுத்துக்கொண்டிருந்த அதே காலையில்.

‘உங்க பேரச் சொல்லுங்க’ என்று மேலாளர் சொன்னது நினைவுக்கு வந்தது, சொன்னேன். மெசேஜ் வர வேண்டும் என்று கேட்டவள் நான், அந்த நம்பரை ஏற்றியவள் நான் என்றேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். மகளைச் சிறுவர் அலமாரிப் பக்கம் அனுப்பிவிட்டு, மேஜையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள். வீட்டுக்கு எடுத்துப் போகிறாயா, பதிந்து தரட்டுமா என்று கேட்டேன். தலையைத் தூக்காமல் சொன்னாள்: “பதிய வேண்டாமுங்க்கா. நேத்து வரைக்கும் இது சட்டப் புஸ்தகம். இனிமே எனக்குக் கதைப் புஸ்தகந்தானுங்க.”

இத்தனை வருடங்களில் எத்தனையோ கோரிக்கைகள் எழுதினேன். ஓர் எழுத்துகூடக் குறையாமல் நிறைவேறியது நூலகத்துக்காக எழுதிய இது ஒன்றுதான்.