ஒதிய மரத்தில் தொங்கிய தூக்கு

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஒவ்வொரு கார்த்திகையிலும் வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்து தங்குவார். அவருடைய நீளமான பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாததால் மாடி ஆன்ட்டி ஆகிவிட்டார். பால்காரரிடமும் அம்மாவிடமும் பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர். மாசி பிறந்ததும் பெட்டியைக் கட்டிவிடுவார். அங்கே பனி உருகும்போது மரங்களுக்குள் தண்ணீர் ஓடுமாம். அதற்கு ஊரில் இருந்தாக வேண்டுமாம்.

நான் நான்காவது படித்த வருடம் மாசி முடிந்தும் அவர் பெட்டியைத் தொடவில்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவருடைய கணவர் இறந்திருந்தார்.

"ஊருக்கு எப்போ போறீங்கன்னு வாய விட்டுடாத," என்று அம்மா என்னை எச்சரித்து வைத்திருந்தாள்.

நான் அதைக் கேட்கவில்லை. மரத்தில் தண்ணீர் ஓடுவதைப் பற்றித்தான் கேட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர் உற்சாகமாகிவிட்டார்.

"எங்க வீட்டுக்காரர் மரத்துல ஓட்டை போடுவார். பக்கெட் மாட்டுவார். காலைல பார்த்தா தண்ணி, லேசா இனிக்கும். மொத டம்ளர் எப்பவும் எனக்குத்தான்."

சொல்லிவிட்டு எங்கள் கேட் ஓரத்து ஒதிய மரத்தைப் பார்த்தார். மரம் ஒரு இலைகூட இல்லாமல் நின்றது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் வண்டியைச் சாய்த்து வைப்பதைத் தவிர அந்த நாட்களில் அதனால் வேறு உபயோகம் கிடையாது.

இந்த வருடம் முதல் டம்ளரை நான் கொடுப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவின் தம்பி எலக்ட்ரீஷியன். வேங்கிக்காலில் வேலை இருக்கும் நாட்களில் மாமா சாப்பிட எங்கள் வீட்டுக்கு வருவார். விஷயத்தைச் சொன்னேன்.

"காங்கிரீட்டையே ஓட்டை போடறேன். மரம் இன்னா பெரிய விஷயம்?" என்று ட்ரில்லிங் மெஷினை எடுத்துவிட்டார். ஆன்ட்டி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தெருவிலிருந்து தெரியாத பக்கமாக ஓட்டை போட்டு, ஒயர் பைப்பில் ஒரு துண்டு வெட்டி அதில் செருகி, அம்மாவின் எவர்சில்வர் தூக்கை மாட்டினோம். மரத்தூள் ஈரமாக வந்ததில் மாமாவுக்கு ஒரே பெருமை.

அப்பா வாசலில் நின்று பார்த்தார். "பாயசம் மாதிரி அப்படியே முந்திரியும் வருதான்னு பாரு," என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பிள்ளைகள் டம்ளரும் கையுமாக வந்து நின்றார்கள். மாமாவும் வேலைக்குப் போகாமல் வந்துவிட்டார்.

தூக்கில் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டையின் விளிம்பில் மட்டும் தேன் நிறத்தில் ஒரு பிசின் உருண்டை.

"இன்னாடி, தண்ணி எங்க?" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி மாடியிலிருந்து இறங்கி வந்தார். பைப்பையும் தூக்கையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"யார் பண்ணது?"

மாமா உடனே என்னைக் கை காட்டினார்.

"மொத டம்ளர் உங்களுக்குத்தான் ஆன்ட்டி. ஆனா வரல," என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் என் பக்கத்தில் குந்திக்கொண்டார். "அங்க ராத்திரி ஐஸ், பகல்ல வெயில். அதான் தண்ணி ஓடுது. இங்க ஐஸ் இல்லையே. உன் மரம் இலையைக் கொட்டிட்டு தூங்குது. அதுக்கு ஒரு நேரம் இருக்கு, தானா எழுந்துக்கும்."

பிறகு அந்தப் பிசினை விரலால் வழித்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தெருவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதே ருசி," என்றார். "நல்லா இனிக்குது."

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மிச்சத்தைச் சுரண்டி வாயில் போட்டவர், தெருக்குழாயைப் பார்த்து ஓடினார். நாங்களும் ஆளுக்கொரு விரல் தொட்டு நக்கினோம். பச்சை வாழைக்காய்த் தோலை நாக்கில் தேய்த்த மாதிரி அப்படி ஒரு துவர்ப்பு. வரிசையாக நின்று துப்பினோம். ஆன்ட்டி மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வருடம் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மாகூடத் தூக்கைக் கேட்காமல் எடுத்ததற்குத் திட்டவில்லை.

அவர் ஆடி வரைக்கும் எங்கள் வீட்டிலேயே இருந்தார். வைகாசியில் மரம் துளிர்த்தபோது, இத்தனை வருடத்தில் அது துளிர்த்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று தினமும் ஒரு போட்டோ எடுத்தார்.

எனக்குத்தான் ஒரு விஷயம் ஒத்துவரவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்குத் துவர்ப்பே தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். அதைச் சோதித்துப் பார்க்க ஒருநாள் கொய்யாப் பிஞ்சு ஒன்றை ஆன்ட்டியிடம் கொடுத்தேன். கடித்ததும் முகத்தைச் சுளித்து, "ஐயோ, துவர்ப்பு ஜாஸ்தி," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படியானால் மரத்தில் அவர் தொட்ட இடத்தில் மட்டும் இனிப்பு இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, கோடை விடுமுறை முழுக்க ஒதிய மரத்தைச் சுற்றிச் சுற்றிச் சுரண்டி நக்கிக்கொண்டிருந்தேன்.