அப்பளக் கம்பெனி மாப்பிள்ளை

என் கணவர் ஒரு பொருளை ஒதுக்கி வைக்க ஒரேயொரு வாட்ஸ்அப் செய்தி போதும். ஒரு தடவை பற்பசை போயிற்று. ஒரு மாதம் குடும்பமே பல்பொடியில் பல் தேய்த்தது. அடுத்து பிஸ்கட். அதற்கப்புறம் ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் அப்பளக் கம்பெனியின் முறை வந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண்களைச் சாப்பாட்டு நேரம் தவிர கழிப்பறைக்கு விடுவதில்லையாம். செய்தியை எழுதியது யாரென்று இல்லை. கம்பெனி முதலாளி மறுத்திருந்தார்.

"மறுக்காம பின்ன என்ன செய்வான்?" என்று சொல்லிவிட்டு, 'இன்று முதல் நம் வீடுகளில் இந்த அப்பளம் வேண்டாம்' என்று தெருக்காரர்களின் குழுவில் எழுதினார். வரிசையாகக் கும்பிடு பொம்மைகள் வந்து விழுந்தன. வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதிக் குழம்பு வைத்த அன்றுகூட இலையில் அப்பளம் இல்லை. வேறு எந்த அப்பளமும் அவருக்குப் பிடிக்காது. பாவம், சொதியையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. எல்லாம் பொருந்தி வந்த பிறகுதான், பையன் அதே அப்பளக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார் என்று தெரிந்தது. மகளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பளத்தோடு சேர்த்து மாப்பிள்ளையையும் இவர் ஒதுக்கிவிடுவாரோ என்று பயந்துகொண்டேதான் விஷயத்தைச் சொன்னேன்.

இவரோ, "யாரோ என்னமோ சொன்னாங்கன்னு ஒரு பையனைத் தள்ளிர முடியுமாட்டி? விசாரிக்கணும்லா" என்றார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிப்பது லேசான காரியமில்லை. பஸ் ஏறிப் போய், டீக்கடை, முடிவெட்டும் கடை, கோவில் என்று பகல் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார். பையன் தங்கமாம். "கம்பெனியைப் பத்தி விசாரிச்சியளா?" என்று கேட்டேன்.

"கம்பெனி வேற, பையன் வேற" என்றார். அப்பளத்தை விசாரிக்க எந்த வீட்டிலிருந்தும் ஒருவரும் பஸ் ஏறவில்லை.

பெண் பார்க்க வந்தார்கள். கேசரியும் வடையும் ஆன பிறகு இருவரையும் தனியாகப் பேசச் சொன்னோம். தனியாக என்றால் அடுத்த அறை, கதவு திறந்திருக்கும், நாங்கள் எல்லோரும் ஹாலில் விலைவாசியைப் பேசுவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"உங்க கம்பெனியில பொம்பளையாளுகளை பாத்ரூம் போக விடுததில்லைன்னு சொல்லுதாங்களே, நிசமா?" என்று மகள் கேட்டாள்.

ஹாலில் விலைவாசி நின்றுபோனது.

"தெரியல. நான் ஆபீஸ் ரூம்லயே இருக்கேன். கேட்டதில்ல" என்றார் பையன்.

"கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல."

அவர்கள் போனதும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கையில் வந்த வரனை இப்படியா வழியனுப்புவது? அவள் மீதி வடையைத் தின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன் தனியாக வந்தார். வாசலில் நின்றபடியே மகளிடம் சொன்னார்: "கேட்டேன். முதல்ல யாரும் வாயைத் திறக்கல. பொறவு ஒரு அக்கா சொன்னாவ. உண்மைதான். முதலாளிகிட்ட போய் இது தப்புன்னு சொன்னேன். கணக்கை ஒப்படைச்சுட்டுப் போன்னுட்டாரு."

"நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார் என் கணவர் முகம் மலர்ந்து. மறுகணமே அந்த முகம் சுருங்கியது. மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மெதுவாக என்னைப் பார்த்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் எங்கள் இருவர் பக்கமும் திரும்பவில்லை. "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று அவரைக் கூப்பிட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். போகிற போக்கில் என்னிடம் சொன்னாள்.

"எம்மா, இவங்க சாப்பிட்டுட்டுத்தான் போவாங்க. இலை போடு."