பீரோவை விட்டு வெளியே வந்த முத்துமாலை

அந்த ரயில்வே ஸ்டேஷனில் எந்த வண்டி எந்தப் பிளாட்பாரத்துக்கு வருகிறது என்பது அவள் வாயைத் திறந்தால்தான் ஊருக்குத் தெரியும். ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்து அவள் ஒரு வரி சொன்னால், பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருப்பவர்கூட நிமிர்ந்து பார்ப்பார். மூட்டை தூக்குகிறவர் முதல் டிக்கெட் பரிசோதகர் வரை எல்லாருக்கும் அவள் 'ஸ்டேஷனக்கா'.

அந்தக் குரல் புறப்படும் கழுத்தில்தான் கத்தி வைக்க வேண்டி வந்தது. தைராய்டில் கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்தான் காற்றுப் போன டயர் மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நாள் பேசவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நான் வேண்டாத சாமியில்ல, இப்பதான் கண்ணத் தொறந்திருக்கு" என்றான் மெக்கானிக்கான அவள் கணவன். தலையணையைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனவன், அங்கே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்க்காமல் இல்லை.

தையல் ஆறியதும் நாத்தனார் ஒரு பை நிறைய ஸ்கார்ஃபோடு வந்து இறங்கினாள். "அந்தத் தழும்போட எப்படிம்மா வெளிய போவ? நாலு பேர் பாத்தா என்ன நெனப்பாங்க?" ஒவ்வொன்றாக இவள் கழுத்தில் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்தது கட்டுப் போட்ட நோயாளி. நாத்தனார் போனதும் அத்தனையையும் அவிழ்த்துக் கட்டிலில் போட்டுவிட்டு, வேறு ஏதாவது அகப்படுமா என்று பீரோவைக் குடைந்தாள்.

அடித்தட்டில், அந்துருண்டை நாற்றத்தோடு, பிளாஸ்டிக் உறைக்குள் முடங்கிக் கிடந்தது கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்ட முத்துமாலை. பெரிய விசேஷம் வரட்டும் என்று எடுத்து வைத்தது. எந்த விசேஷமும் அதற்குப் போதுமான அளவு பெரியதாக வந்து வாய்க்கவில்லை. முத்தெல்லாம் பழைய சட்டைப் பித்தான் போல மங்கிக் கிடந்தது. தூக்கிப் பிடித்ததுதான் தாமதம், நைந்துபோன நூல் அறுந்து முத்துகள் தரையெங்கும் சிதறின. "ஐயோ" என்று கத்தவும் வழியில்லை. படபடவென்று கையைத் தட்டினாள். கணவன் என்னமோ ஏதோவென்று ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் கட்டிலுக்கடியில் தவழ்ந்தான். வெளியே வந்தபோது தலையெல்லாம் ஒட்டடை, உள்ளங்கை நிறைய முத்து.

கடைத்தெருவில் நகை பழுதுபார்க்கிறவர் ஒன்றை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினார். தூசிக்கடியிலிருந்து பளபளப்பு எட்டிப் பார்த்தது. "மஞ்சள் பூத்தது போகாதும்மா. ஆனா முத்துக்கு உயிர் இருக்கு" என்றவர், பட்டு நூலில் ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சுப் போட்டுக் கோத்துக் கொடுத்தார். "இனி அறுந்தாலும் மொத்தமா கொட்டாது. பூட்டி வைக்காதீங்க, போட்டுக்குங்க. பவுடரு, சென்ட்டு எல்லாம் பூசி முடிச்சப்புறம் இதப் போடுங்க. கழட்டும்போது இதத்தான் முதல்ல கழட்டணும்."

அன்றிலிருந்து அது கழுத்தைவிட்டுப் போனது குளிக்கும்போதும் தூங்கும்போதும்தான். கழற்றியதும் வியர்வை போகத் துடைத்து, தொங்கவிடாமல் பருத்தித் துணியில் படுக்கவைப்பாள். "என்னைக்கூட இப்படித் தொடச்சு வச்சதில்ல" என்று கணவன் பெருமூச்சு விட்டான்.

ஒன்று மட்டும் அவள் நினைத்தபடி நடக்கவில்லை. மாலை தழும்பை மறைக்கவில்லை. எத்தனை இழுத்துவிட்டாலும் கீழே இறங்கி, தழும்புக்குக் கீழே கோடு போட்டதுபோல உட்கார்ந்துகொண்டது. முதல் வாரம் இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் கண்ணாடியில் பார்த்தபோது இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தித்தான் இருந்தன. கையை எடுத்துவிட்டாள்.

குரல் பயிற்சிக்குப் போன இடத்தில், "வாய மூடிக்கிட்டு முனகுங்க, நெஞ்சில அதிர்வு தெரியுதா பாருங்க" என்றார் பயிற்சியாளர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில், துணி மடிக்கும்போதும் வாசல் பெருக்கும்போதும் விடாமல் முனகினாள். ஒரு காலை, நெஞ்சுக்குழியில் கிடந்த முத்துகள் மெல்ல நடுங்கின. விரலை வைத்துப் பார்த்தாள். சந்தேகமேயில்லை. ஓடிப்போய்க் கணவனின் கிரீஸ் கையைப் பிடித்து இழுத்து வைக்கப் போனவள், முத்து ஞாபகம் வந்து, "கழுவிட்டு வாங்க!" என்றாள். சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அது அவளுடைய பழைய குரல்.

ஆனால் ஸ்டேஷன் மேனேஜர் அதற்குள் பதிவு செய்த குரலை ஓடவிட்டிருந்தார். "கஷ்டப்படாதீங்கம்மா. புக்கிங்ல உக்காருங்க. வேணும்னா மத்தியானக் கூட்ஸ் வண்டிக்கு ஒரு தடவை பேசிப் பாருங்க."

"கூட்ஸ் வண்டியில யார் சார் ஏறப்போறாங்க? சாயங்கால வண்டியக் குடுங்க."

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஸ்டேஷனிலேயே கூட்டம் நெரிவது அந்த வண்டிக்குத்தான். "சரி. திணறினா பதிவுக் குரலுக்கு நான் ஸ்விட்ச மாத்திடுவேன்" என்று பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்குப் பார்த்து வண்டி வழக்கமான முதல் பிளாட்பாரத்துக்கு வராது என்று தகவல் வந்தது. நாலாவதுக்குப் போகிறது. கீழே முதல் பிளாட்பாரத்தில் எள் விழ இடமில்லை. மேனேஜரின் கை ஸ்விட்சுப் பக்கம் போயிற்று. அவள் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தலைகள் நிமிர்ந்தன. ஓடவேண்டாம், நேரம் இருக்கிறது, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மேம்பாலம் வழியே நாலாவது பிளாட்பாரத்துக்குச் செல்லுங்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். குரல் எங்கும் உடையவில்லை. கூட்டம் மொத்தமும் ஒரு பக்கமாகத் திரும்பி, தள்ளுமுள்ளு இல்லாமல் படியேறியது. மூட்டை தூக்குகிறவர்கள் அந்த அறையைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். ஒருவர் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, "நம்ம ஸ்டேஷனக்காடா!" என்று கத்தினார்.

மேனேஜர் எழுந்தார். பதிவுக் குரலின் ஸ்விட்சை அணைத்தார். "நாளைக்குக் காலை ஷிஃப்ட்டுக்கு வந்துடுங்க" என்றார்.

கைப்பேசி அடித்தது. நாத்தனார். "ஏம்மா, நான் அந்த வண்டியப் பிடிக்கத்தான் நின்னுக்கிட்டிருந்தேன். நீ சொன்னன்னு படியேறி மூச்சு வாங்குது. ஆனா என்ன கொரலு! பக்கத்துல இருந்தவங்ககிட்டயெல்லாம் எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிட்டேன்."

"சந்தோஷம் அண்ணி. முதல்ல வண்டியில ஏறுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தொண்டை நிறைய, அறை அதிர, யாருக்கும் பயப்படாமல் சிரித்தாள். அடுத்த வண்டிக்கான மணி அடித்தது. பொத்தானில் விரலை வைத்தாள்.